பல்லக்கில் வந்தார்... நடந்து சென்றார்!

ஏகாதசி வந்துவிட்டால் கூடத்தில் பாய் விரித்து, குருவாயூரப்பன் படத்துக்கு மாலை சாற்றி, பத்துப் பதினைந்து பேராக உட்கார்ந்து நாராயணீயம் பாராயணம் செய்கிறவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழகியதாகத்தான் இருக்கும். முப்பதாவது தசகம் வருவதற்குள் ஒரு மாமி மெள்ள காலை நீட்டிக்கொள்வார். ஐம்பதைத் தாண்டியதும் இன்னொருவர் சுவரோரம் நகர்ந்துவிடுவார். நூறாவது தசகம் முடிந்து, கற்பூர ஆரத்திக்காக எல்லோரும் எழுந்திருக்கும்போது பார்க்க வேண்டுமே... ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, நாராயணா நாராயணா என்று முனகியபடி எழுவதற்குள் கற்பூரமே பாதி கரைந்திருக்கும்!

வேடிக்கையைப் பாருங்கள். மூட்டுவலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படிக்கிற ஸ்தோத்திரத்தை, மூட்டு வலிக்க வலிக்க ஆறேழு மணி நேரம் சப்பணமிட்டுப் படிக்கிறோம். சரி, அதை இயற்றிய மகான் எப்படி உட்கார்ந்து பாடினார்? அவர் குருவாயூருக்கு வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. பல்லக்கில்தான் கொண்டுவந்தார்கள் என்கிறது வழிவழியாக வரும் சரித்திரம். அந்த மகானின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. இவர் பிறந்தது 1560-ஆம் ஆண்டு என்பது அறிஞர்களின் கணக்கு. பாரதப்புழை என்கிறோமே, அந்த நிளா நதியின் கரையில் திருநாவாய் இருக்கிறது. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திவ்ய தேசம். நாவாய் முகுந்தன் எழுந்தருளியிருக்கும் தலம். அதற்கு அக்கம்பக்கத்தில்தான் மேல்பத்தூர் இல்லம் இருந்தது. இன்றைய மலப்புறம் மாவட்டம். தந்தை மாத்ருதத்தர் பெரிய பண்டிதர். தாயார், மீமாம்சை சாஸ்திரத்தில் கொடிகட்டிப் பறந்த பையூர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரண்டு பக்கமும் படிப்பு வழிந்தோடும் குடும்பம். தந்தையிடம் மீமாம்சை, மாதவர் என்பவரிடம் வேதம், அண்ணா தாமோதரரிடம் தர்க்கம் என்று பாடம் கேட்டார் பட்டத்திரி.

இத்தனை இருந்தும், இளமையில் இவர் கொஞ்சம் மனம்போன போக்கில் இருந்தார் என்றே செவிவழிக் கதை சொல்கிறது. திருக்கண்டியூரில் அச்சுத பிஷாரடி என்ற மகா பண்டிதர் இருந்தார். ஜோதிட கணிதத்தில் கேரளமே வியந்த மேதை. இலக்கணத்திலும் கரை கண்டவர். அவர் குடும்பத்துப் பெண்ணை மணந்துகொண்டார் பட்டத்திரி. மாமனார் வீட்டு மாப்பிள்ளை என்றால் கேட்க வேண்டுமா? நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். ஒருநாள் பிஷாரடி சீடர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்க, பொழுது நன்றாக ஏறிய பிறகு எழுந்து சோம்பல் முறித்தபடி வந்தாராம் மாப்பிள்ளை. பிறந்த குலத்தின் கடமையைக்கூடச் செய்யாமல் இப்படிப் பொழுதைக் கழிக்கலாமா என்று எல்லோர் எதிரிலும் கடிந்துகொண்டார் பிஷாரடி.

வேறு யாராவது இருந்தால் கோபித்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். பட்டத்திரி என்ன செய்தார் தெரியுமா? திட்டியவரின் காலிலேயே விழுந்தார். எனக்கு நீங்களே பாடம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டார். பிஷாரடி கோயில் கைங்கர்யம் செய்யும் சமூகத்தைச் சேர்ந்தவர். பட்டத்திரியோ நம்பூதிரி இல்லத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. ஆனாலும் குரு குருதான் என்று பணிந்து, வியாகரணத்தை அவரிடமே முறையாகப் பயின்றார். என்னைக் கேட்டால், இவருடைய சரித்திரத்தில் நிகழ்ந்த முதல் அற்புதம் குருவாயூரில் நடந்ததல்ல. இங்கே திருக்கண்டியூர்த் திண்ணையில் நடந்த இதுதான்!

குருவின் வலி, சீடரின் உடலில்...

காலம் ஓடியது. குரு பிஷாரடியை வாத நோய் பற்றிக்கொண்டது. மூட்டுகள் இறுகி, உடல் முடங்கி, பாடம் சொல்லவும் முடியாமல் துடித்தார். பார்க்கப் பொறுக்கவில்லை சீடருக்கு. கற்ற கல்விக்குத் தட்சிணையாக குருவின் நோயைத் தானே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார். கர்மவிபாகம் என்று சாஸ்திரம் சொல்லும் முறைப்படி, நீர் வார்த்துத் தத்தம் செய்து, அந்த நோயைத் தன் உடலில் ஏற்றுக்கொண்டார் என்பது ஐதீகம். குரு எழுந்தார். சீடர் படுத்தார்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு உள்ளுக்குள் ஏதோ செய்யும். ஏனென்றால், இப்படி வலியை வாங்கிக்கொள்வது நம் வீடுகளில் பெண்களுக்குப் புதிதே அல்ல. மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போகிற மருமகள், தன் முழங்கால் வீங்கியிருப்பதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும், வயசாச்சு இல்லையா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பட்டத்திரிக்கோ வலியைச் சொல்லிக்கொள்ளத் தயக்கமே இருந்ததில்லை. நாராயணீயத்தைக் கூர்ந்து படித்தவர்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஒவ்வொரு தசகத்தின் முடிவிலும் என் நோயைத் தீர்த்துவை என்று பகவானிடம் வாய்விட்டுக் கேட்கிறார். பத்து முறை, இருபது முறை அல்ல... நூறு நாளும் கேட்கிறார். கூச்சப்படவே இல்லை!

நோய் முற்றிய நிலையில், என்ன செய்வது என்று யோசனை கேட்டு துஞ்சத்து எழுத்தச்சனுக்கு ஆள் அனுப்பினார். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சன், மீனிலிருந்து தொடங்கச் சொல் என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பிவிட்டார். வந்து சொன்னவர்கள் முகம் சுளித்தார்கள். சுத்த சைவரான நம்பூதிரியிடம் மீனைத் தொடச் சொல்வதா? பட்டத்திரியோ சிரித்தார். மத்ஸ்ய அவதாரத்திலிருந்து தொடங்கி பகவானின் அவதாரங்களைப் பாடச் சொல்கிறார் எழுத்தச்சன் என்று உடனே புரிந்துகொண்டார். கிளம்பியது பல்லக்கு, குருவாயூருக்கு.

எத்தனையோ கோயில்கள் இருக்க, குருவாயூர் ஏன்? அந்த ஊரின் பெயரை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குருவும் வாயுவும் சேர்ந்து பிரதிஷ்டை செய்த ஊர். வாயு என்றாலும் வாதம் என்றாலும் காற்றுதான். வடமொழியில் இந்தத் தலத்துக்கு வாதாலயம், பவனபுரி என்றெல்லாம் பெயர். உடம்பில் வாதம் கெட்டுப்போனவர், வாதத்தின் அதிதேவதை ஸ்தாபித்த சந்நிதிக்கே வந்து சேர்ந்தார்! விடியற்காலை 3 மணிக்கு நிர்மால்ய தரிசனம் முடிந்ததும் உண்ணிக்கண்ணனுக்கு நல்லெண்ணெய் அபிஷேகம் நடக்கும். பிறகு வாகைப் பட்டைத் தூளால் அந்த எண்ணெயைத் துடைப்பார்கள். வாகசார்த்து என்று இதற்குப் பெயர். அபிஷேகம் ஆன எண்ணெயைப் பிரசாதமாக வாங்கி வந்து, வாத வலிக்குத் தடவிக்கொள்வது பக்தர்களின் வழக்கம்.

நாளுக்குப் பத்து...

பாகவதம் 18,000 சுலோகங்கள் கொண்டது என்பார்கள். அதைப் பிழிந்து சாறாக்கி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்து சுலோகம் வீதம் கண்ணன் சந்நிதியில் பாடத் தொடங்கினார் பட்டத்திரி. பத்து சேர்ந்தால் ஒரு தசகம். நூறு நாளில் நூறு தசகம். மொத்தம் 1,034 சுலோகங்கள்; சில பதிப்புகளில் 1,036 என்று இருக்கும். அவர் அமர்ந்து பாடிய இடத்தைக் கோயிலுக்குள் இன்றும் காட்டுகிறார்கள். அடுத்தமுறை போகும்போது கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளப்பட்டு வந்துவிடாமல், கேட்டுப் பார்த்துச் சேவியுங்கள்.

நூறாவது நாள் என்ன நடந்தது? கண்ணன் காட்சி கொடுத்தான். அந்தத் திருமேனியைக் கேசம் முதல் பாதம் வரை கண்ணாரக் கண்டு பாடியதுதான் கடைசி தசகம். அதன் முடிவில் ஆயுள், ஆரோக்கியம், சௌக்கியம் மூன்றையும் ஒரே சொல்லாகச் சேர்த்து வேண்டி நிறைவு செய்தார். அந்தச் சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடபயாதி என்று ஒரு முறை உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுப்பது. உயிரெழுத்து தனித்து வந்தால் 0, ய என்றால் 1, ர என்றால் 2, ஸ என்றால் 7. கூட்டெழுத்தில் கடைசி மெய்யை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை இப்படி எண்ணாக்கி, வலமிருந்து இடமாகப் படித்தால் 17,12,210 என்று வரும். கலியுகம் பிறந்து அத்தனையாவது நாளில் நாராயணீயம் பூர்த்தியானது என்று பொருள். கொல்லம் ஆண்டு 762, விருச்சிக மாதம் 28-ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் 1586-ஆம் ஆண்டின் கடைசி. கணித மேதையிடம் படித்த சீடர் அல்லவா! வேண்டுதலுக்குள்ளேயே தேதியையும் மறைத்து வைத்துவிட்டார். அன்றோடு வாத நோய் நீங்கியது, பல்லக்கில் வந்தவர் தன் காலால் நடந்து சென்றார் என்று குருவாயூர் முழுக்கச் சொல்வார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள்... அப்போது பட்டத்திரிக்கு வயது 26 அல்லது 27! நம்மில் பலர் மனதில் நரைத்த தாடியோடு ஒரு கிழவராகத்தானே அவரைக் கற்பனை செய்து வைத்திருக்கிறோம்?

வாத நோய் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஆயுர்வேதமே இதைப் பலவாகப் பிரிக்கிறது. மூட்டில் வாதம் தங்கித் தேய்மானம் உண்டாக்குவது சந்திகத வாதம். வீக்கமும் இறுக்கமுமாக உடலையே முடக்குவது ஆமவாதம். ரத்தத்தோடு சம்பந்தப்பட்டது வாதரக்தம். இன்றைய மருத்துவமும் இதே மாதிரிதான் பிரிக்கிறது. ஐம்பதை ஒட்டி, மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகமாக வருவது மூட்டுத் தேய்மானம். முழங்காலில் உள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது. மாடிப்படி ஏறி இறங்கும்போது வலிக்கும். காலையில் சற்று நேரம் இறுக்கமாக இருந்து, நடமாடினால் அரை மணிக்குள் விட்டுப்போகும். இன்னொன்று முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். இது முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி விரல் மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்து ஒரு மணி நேரமானாலும் காபி டம்ளரை இறுக்கிப் பிடிக்க முடியாது. பட்டத்திரிக்கு வந்தது இதில் எது என்று நானூறு ஆண்டு கழித்து நாம் நாடி பிடிக்க முடியாது. ஆனால், உங்களுக்கு வந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முடக்குவாதத்துக்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டுகள் கோணிப்போகாமல் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் போன மூட்டு திரும்பி வராது. ஒரு மண்டலம் பாராயணம் செய்து பார்க்கிறேன், அப்புறம் டாக்டரிடம் போகிறேன் என்று தள்ளிப்போடுகிறவர்களை நான் அறிவேன். பாராயணத்தை விடவே வேண்டாம். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்து பாராயணத்துக்கு உட்காருங்கள். குருவாயூரப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான்! அதேபோல், கடைத்தெருவில் பெயர்ச்சீட்டு இல்லாமல் விற்கும் வாத சூரணங்களை நம்பாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் வலி பறந்த மாதிரி இருக்கும், பிறகு எலும்பையே அரித்துவிடும். வலி மாத்திரையை நீங்களாகவே மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் பாழாகும்.

தேய்மானத்துக்கு என்ன செய்வது? நாளுக்குப் பத்து என்று பட்டத்திரி வைத்துக்கொண்ட கணக்கு இதற்கும் பொருந்தும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெள்ள நேராக நீட்டி, தொடைச் சதையை இறுக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. முழங்காலைத் தாங்குவது தொடைச் சதைதான். அது வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் இரண்டு காலுக்கும் முடிந்துவிடும். தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு, சமதரையில் அரை மணி நடக்கலாம். முழங்கால் வலிக்கிறது, அதனால் நடக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் மூட்டு இன்னும் இறுகும். எடையையும் பாருங்கள். ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். விரதம் என்ற பெயரில் ஜவ்வரிசி வடையும் உருளைக்கிழங்கு வறுவலுமாக ஏகாதசியைக் கழிக்கிறோமே, அதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்!

இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமும், இளஞ்சூடாகத் தேய்க்கிற கொட்டஞ்சுக்காதி, மகாநாராயண தைலங்களும் இதம் தரும். ஆனால் மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும்போது அழுத்தித் தேய்க்கக் கூடாது. அப்போது குளிர்ந்த ஒத்தடமே நல்லது.

பாராயணத்துக்கு வருவோம். பத்து தசகத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு தப்படி நடந்துவிட்டு வாருங்கள். முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே படிக்கலாம். சுவாமி படம் கீழே இருக்க நாம் உயரத்தில் உட்காரலாமா என்று தயங்குகிறீர்களா? படத்தை ஒரு மேஜை மேல் வைத்துவிட்டால் போயிற்று. நமஸ்காரமும் அப்படித்தான். மண்டியிட முடியாவிட்டால் நின்றபடி கைகூப்பி, தலை தாழ்த்தினால் போதும். நாற்காலி போட்டு உட்காருகிறவரைப் பார்த்து மற்றவர்கள் முகம் திருப்பாமல் இருப்பதும் பாராயணத்தில் ஓர் அங்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பல்லக்கில் வந்தவரை வேண்டாம் என்று சொல்லாத சந்நிதி அது!

நோய் தீர்ந்த பிறகு என்ன ஆனார் பட்டத்திரி? நம் உபன்யாசங்களில் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. பூந்தானம் நம்பூதிரி கதை மட்டும் சொல்வார்கள். பக்தியில் உருகுகிற பூந்தானம், மலையாளத்தில் தான் எழுதியதைத் திருத்தித் தரும்படி பட்டத்திரியிடம் கொண்டுவந்தார். வடமொழிப் புலமைச் செருக்கில் பட்டத்திரி அதைத் தொடவில்லை. மனம் நொந்து போனார் பூந்தானம். அன்றிரவே பட்டத்திரிக்கு நோய் கடுமையானது. பட்டத்திரியின் விபக்தியைவிடப் பூந்தானத்தின் பக்தியே தனக்கு உகந்தது என்று பகவான் உணர்த்த, அவர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார் என்பது கதை. நோய் தீர்ந்தாலும் கர்வம் தீர இன்னொரு மருந்து தேவைப்பட்டிருக்கிறது!

பிறகு அவர் எழுதிக் குவித்தது மலைக்க வைக்கும். அம்பலப்புழை பால்பாயசம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அம்பலப்புழையை ஆண்ட செம்பகச்சேரி மன்னர் தேவநாராயணன் வேண்டிக்கொள்ள, பிரக்ரியா ஸர்வஸ்வம் என்ற பெரிய இலக்கண நூலை இயற்றினார். அறுபதே நாளில் முடித்தார் என்பார்கள். மீமாம்சையில் மானமேயோதயம் என்ற நூலின் முதல் பகுதி இவருடையது. சாக்கியார்கள் கோயில்களில் கூத்து நடத்த, பல பிரபந்தங்கள் எழுதித் தந்தார். அதில் ஒன்று நிரனுநாசிகம். மூக்கறுபட்ட சூர்ப்பணகை ராவணனிடம் போய் முறையிடுகிறாள். மூக்கு இல்லாதவளுக்கு மூக்கொலி எப்படி வரும்? அதனால் ங, ஞ, ண, ந, ம போன்ற எழுத்து ஒன்றுகூட வராமல் அதை எழுதினார். உடம்பு முடங்கிக் கிடந்தவருக்கு எத்தனை குறும்பு பாருங்கள்!

குரு அச்சுத பிஷாரடி 1621-ல் மறைந்தார். சீடர் ஏற்றுக்கொண்ட வலிக்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். குருவின் மறைவுக்கும் நாள் கணக்கை உள்ளடக்கி ஓர் இரங்கல் சுலோகம் பாடினார் பட்டத்திரி.

பட்டத்திரியும் எண்பதைத் தாண்டி வாழ்ந்தார் என்றே சொல்கிறார்கள். முதுமையில் அவர் போய்ச் சேர்ந்த இடம் முக்கோலை பகவதி சந்நிதி. முக்திஸ்தலம் என்றும், மூக்குதலை என்றும் சொல்வார்கள். மலப்புறம் மாவட்டத்தில் சங்கரங்குளம் பக்கம் இருக்கிறது. குருவாயூரிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே அம்பாளின் திருவடிகளை மட்டுமே எழுபது சுலோகங்களில் பாடினார். ஸ்ரீபாத ஸப்ததி என்று பெயர். அதுவே அவரது கடைசிப் படைப்பு. அந்தச் சந்நிதியிலேயே அவர் உயிர் பிரிந்தது என்கிறார்கள்.

ஆண்டுதோறும் விருச்சிகம் 28-ஆம் தேதி, அதாவது நம் கார்த்திகை மாதக் கடைசியில், குருவாயூரில் நாராயணீய தினம் கொண்டாடுகிறார்கள். கோயிலுக்கு எதிரே கச்சேரிகள் நடக்கிற அரங்குக்கும் மேல்பத்தூர் என்றுதான் பெயர். டிசம்பர் நடுவில் குருவாயூர் போகிறவர்கள், மறுநாள் ஒரு காரை அமர்த்திக்கொண்டு முக்கோலை பகவதியையும் சேவித்துவிட்டு வரலாம்.